ஒரு பிளேட்டு கம்பு டாக்கோ

ஏனுங்க, இந்தச் சேருக்கு ஆள் வருதுங்களா? சம்சாரம் வர்றாங்களா? சரி சரி, வரட்டுமுங்க, வந்ததும் நான் எந்திரிச்சுக்கறேன். எனக்குப் பத்து நிமிசம் போதும். ஒரே ஒரு பலகாரம், அதைப் பாத்துட்டு, பொட்டலம் கட்டிட்டுப் போற ஆளு நானு. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எல்லா மேசையும் நெறஞ்சு கெடக்குதுங்க. ஆர்டர் எடுக்கற அந்த அம்மிணிதான் உங்களக் கைகாட்டி, அங்க கேட்டுப் பாருங்க சார்ன்னுச்சு.

பேரு சென்னியப்பனுங்க. அன்னூரு. பஸ் ஸ்டேண்டுல டைம் கீப்பரா இருந்தேன், பிரைவேட் பஸ்ஸுக்கு, முப்பத்தொரு வருசம். எந்த வண்டி எத்தன மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தன நிமிசம் லேட்டு, டிரைவர் ஆரு, எல்லாம் மண்டையில நிக்குமுங்க. எழுதி வெக்கறதுகூட கம்பெனிக்காகத்தான், எனக்கு வேண்டியதில்ல. இன்னிக்கும் ஒரு வருசத்தச் சொன்னா, அந்த வருசம் சத்தியமங்கலம் போற கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு சொல்லிப் போடுவேன்.

நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கறீங்களா? நான் வந்திருக்கறேனுங்க. இது ரெண்டாவது தடவ. போன தடவ அந்த மூலையில மீன்தொட்டி ஒன்னு இருந்துச்சு, இப்பக் காணோம். இந்த மெனு கார்டுலயும் அப்ப படம் போட்டிருந்துச்சு. இப்பப் பாருங்க, ஒரு படமில்ல, வெறும் எழுத்து. கொரியாங்கறான், மெக்சிகோங்கறான், நடுவுல நம்ம செட்டிநாடுங்கறான். பேரப் படிச்சா திங்கற பண்டமா, தைலமான்னு தெரிய மாட்டீங்குது.

அதான் அந்த அம்மிணிகிட்ட வாயாலயே வெளக்கிச் சொன்னேன். கம்புல தோசையாட்ட ஊத்தி, முறுகலா மடிச்சு, உள்ள காளான் போட்டு, மேல மாங்காயப் பொடிசா நறுக்கித் தூவியிருப்பாங்க, மூணு எண்ணம் வரும், தட்டுல இல்ல, மரப்பலகையில வரும்னு சொன்னேன். கம்பு டாக்கோவா சார்ன்னுச்சு. அதோ அதுவோ, அதுதான் அம்மிணின்னேன். அது ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடறோம், இன்னிக்கு ஒரே ஒரு பிளேட்டுக்குத்தான் மிச்சம் இருக்குதுன்னுச்சு. பாருங்க, எனக்குன்னே இருந்திருக்குது. சரி, அதைக் கட்டிக் குடுத்துருன்னேன். கட்டுனா நமத்துப் போயிரும் சார், உக்காந்து சாப்பிடுங்கன்னுச்சு. நமத்தாலும் ஆகட்டும், ஊட்டுக்காரிக்குத்தான், அவ ஒரு நாளும் சுடச்சுடச் சாப்பிட்டவ இல்லைன்னேன். ஆனா மொதல்ல பலகையிலயே கொண்டா, அதுதானான்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டு அப்பறம் கட்டிக்கலாம்னு சொல்லியிருக்கறேன். தப்பானதக் கொண்டுட்டுப் போயி வெச்சா நாளைக்கு அத்தனையும் வீணுங்க.

நாளைக்கு என்ற ஊட்டுக்காரிக்கு வருசத் திதி. சம்பூரணம்னு பேரு. போயி ஒரு வருசம் ஆகுது.

அட, நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாமுங்க. எல்லாரும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சுக்கறாங்க. காலையில எந்திரிச்சு, வாசலத் தெளிச்சு, எனக்குக் காப்பி குடுத்துட்டு, சித்த நெஞ்ச அடைக்கறாப்பல இருக்குதுங்கன்னு உக்காந்தா. அவ்வளவுதான். ஏழு பத்துக்கு. அந்தக் காப்பிய நான் குடிச்சு முடிக்கல.

இதா வந்துருச்சு பாருங்க. வெய்யி அம்மிணி, இங்கியே வெய்யி. டப்பா அப்பறம் கொண்டாந்தாப் போதும்.

இதாட்டத்தான் இருக்குதுங்க. மூணு எண்ணம், சரியா இருக்குது. மாங்கா இருக்குது. ஆனா கம்பு இந்த நெறத்துல இருந்துச்சா? இன்னும் சித்த கருப்பா இருந்தாப்பல ஞாபகம். பாத்து மட்டும் சொல்ல முடியாதுங்க, ஒரு ஓரத்தப் பிட்டு வாயில போட்டாத் தெரிஞ்சிரும். படையலுக்கு வெக்கறதுல வாய் வெக்கப்படாதுதான், எனக்கும் தெரியும். ஆனா மூணு இருக்குதே. ஒன்ன நான் எடுத்துக்கிட்டா மீதி ரெண்டும் சுத்தமா இருக்குமில்லீங்க. படையலுக்கு ரெண்டு போதும். ரெண்டே ஜாஸ்தி.

உம். உம். இதான்னு நெனைக்கறேன்.

எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்கறீங்க. கேக்கலீனாலும் உங்க மூஞ்சி கேக்குதுங்க. பதினாறாம் நாளு படையல் போடறப்ப ஆரம்பிச்ச வெனை இது. இலையில செத்தவங்களுக்குப் புடிச்சத வெக்கோணுமில்லீங்க. எங்கக்கா வந்து நின்னுக்கிட்டு, ஏன்டா சென்னி, சம்பூரணத்துக்கு என்னென்ன புடிக்கும், சொல்லு செஞ்சு போடறோம்னு கேட்டுது. இதென்ன பெரிய கேள்வி. முப்பத்தாறு வருசம் ஒரே ஊட்டுல இருந்த எனக்குத் தெரியாதா? தட்டப்பயிறுக் குழம்பு, அரிசியும் பருப்பும், இனிப்புக்குக் கச்சாயம், முருங்கக்காய் பொரியல், இத்தனையும் செஞ்சு வெய்யின்னேன். அப்ப என்ற பொண்ணு சண்முகப்பிரியா, அவ பெங்களூருல இருக்கறா, அழுதுட்டு இருந்தவ தலைய நிமுத்திப் பாத்தா. அப்பா, அது பூராவும் உங்களுக்குப் புடிச்சதுங்கப்பான்னா.

ஒறம்பரை சனத்துக்கு முன்னாடி இப்படிச் சொல்லலாமுங்களா? எனக்கு சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. எனக்குப் புடிச்சா அவளுக்கும் புடிச்ச மாதிரித்தான்னேன். சரி, நீ சொல்லு, உங்கம்மாளுக்கு என்ன புடிக்கும்னேன். அவளும் யோசிச்சா. யோசிச்சு யோசிச்சு, எனக்கும் தெரியலீங்கப்பான்னு ஓன்னு அழுதுட்டா. எங்கக்காளுக்கும் தெரியல. பொறந்த ஊட்டுல இருந்து வந்த அவ தம்பிக்கும் தெரியல. அத்தன பேரு உக்காந்திருக்கோம், ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில நான் சொன்னதையேதான் செஞ்சு வெச்சோம்.

காக்கா எடுக்கலீங்க.

செவுத்து மேல சோத்த வெச்சுட்டு, கா கான்னு தொண்ட வறள நான் கூப்பிடறேன். வந்துச்சு. ரெண்டு காக்கா வந்து பக்கத்துல உக்காந்து, சோத்தப் பாத்துது, என்னையப் பாத்துது, பறந்து போச்சு. பதினாறாம் நாளு, வெயில் ஏற ஏற நிக்கறோம், குழந்தைகளெல்லாம் பசியில கத்துது. சரி, அவளுக்கு மனசு வரலையாட்ட இருக்குது, அமாவாசைக்குப் பாத்துக்கலாம்னு சடங்கு பண்ண வந்த ஐயரு சொன்னாரு. அமாவாசை அமாவாசைக்கு ஒவ்வொன்னா மாத்தி வெச்சுப் பாத்தேனுங்க. லட்டு வெச்சேன். மைசூர்பாகு வெச்சேன். சந்தவம் பிழிஞ்சு தேங்காப்பால் ஊத்தி வெச்சேன். பொம்பளைகளுக்கு காரச் சேவு புடிக்கும்னு எவனோ சொன்னான்னு அதையும் வெச்சேன். தொடறதில்ல. அதே காக்கா, பக்கத்து ஊட்டு வாத்தியாரு பழைய சோத்த வெச்சா விழுந்து விழுந்து திங்குது. இப்ப என்னையக் கண்டா வாத்தியாரு கேட்டச் சாத்திக்கறாரு, நான் அவருகிட்டச் சண்டைக்குப் போவேன்னு.

இந்தப் பச்சக் கலர் சட்னி தொட்டுப் பாக்கறேன், இது அன்னிக்கும் இருந்துச்சு. புதினா இல்ல, வேற என்னமோ. வெறும் சட்னிய எப்படிச் சாப்பிடறது, தொட்டுக்க ஒரு துண்டு வேணுமில்ல.

காக்காயாவது போகுதுன்னு விட்டரலாமுங்க. ஊட்டுக்குள்ளதான் இருக்க முடியல. நான் சோத்துக்கு உக்காந்தேன்னா என்ற சோத்தாங்கைப் பக்கம் வந்து நிக்கறா. பொய்யில்லீங்க. அவ இருக்கறப்பவும் அங்கதான் நிப்பா, கரண்டியும் கையுமா. நான் ரசத்துக்கு நிமுந்து பாக்கறதுக்குள்ள ரசம் விழும். மோருன்னு நெனைக்கறதுக்குள்ள மோரு விழும். இப்ப ஒன்னும் விழறதில்ல. நிக்கறா. சீலை காத்துல ஆடறது கேக்குது, திரும்பிப் பாத்தா ஆளில்ல. மத்தியானம் சித்த கண்ணசந்தா, எதுக்கால வந்து உக்காந்துக்கறா, முன்னாடி வெறும் தட்டு. ஏதாச்சும் பேசு சம்பூரணம்னா பேச மாட்டா. தட்டையும் பாக்க மாட்டா. என்ற தட்டத்தான் பாப்பா. எனக்குச் சோறு எறங்குமுங்களா சொல்லுங்க. பதினோரு கிலோ எளச்சுப் போனேன். பொண்ணு பெங்களூருக்கு வாங்கப்பாங்கறா. அங்க போனா மட்டும் இவ வர மாட்டாளா? நாளைக்கு வருசத் திதி. நாளைக்கும் அவ ஏத்துக்கலைன்னா அப்பறம் எப்ப ஏத்துக்குவா? எனக்குப் பயமா இருக்குதுங்க. ஆம்பளை சொல்லக் கூடாது, ஆனா இருக்குது.

ஒரு டிஸ்யூ குடுங்க. கையெல்லாம் எண்ணெய்.

போன வாரம் போன்ல பேசறப்ப சண்முகப்பிரியாதான் சொன்னா. அப்பா, இப்பத்தான் ஞாபகம் வருது, ஸ்கேன் எடுக்கப் போனப்ப ஒரு கடைக்குப் போனீங்களே, அந்தக் கடைப் பலகாரத்தப் பத்தி அம்மா எங்கிட்ட ரெண்டு மூணு தடவ பேசுச்சுன்னா. எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சாப்பல ஆயிருச்சு. இத்தன நாளா லட்டு, பூந்தின்னு அலைஞ்ச பைத்தியக்காரன் நான். முப்பத்தாறு வருசத்துல அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒன்னுதானுங்க.

ஆமாங்க. அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான். வயித்துல வலின்னு இங்க பக்கத்துலதான் ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்திருந்தேன். வெறும் வயித்துல வரோணும்னு சொல்லியிருந்தாங்க. முடிஞ்சு வெளிய வர்றப்ப பன்னெண்டே முக்கால். ஒன்னு இருவதுக்கு அன்னூரு வண்டி. அவ இந்தக் கடை வாசல்ல நின்னுட்டா. கண்ணாடி வழியா உள்ள பாக்கறா. ஏனுங்க, இங்க சாப்பிட்டுட்டுப் போலாங்களான்னா. எனக்கு அதிசயமா போச்சு. இவளா கேக்கறான்னு. சரி, வண்டி போனாப் போகுது, அடுத்தது ரெண்டு அஞ்சுக்குன்னு கூட்டிட்டு வந்தேன். பாத்துக்கங்க, நானும் செஞ்சிருக்கறேன், செய்யாதவன் இல்ல.

உங்க சம்சாரத்துக்கு என்ன புடிக்கும், சொல்லுங்க பாக்கலாம். ஹா, பாத்தீங்களா, யோசிக்கறீங்க. வரட்டும், வந்ததும் கேட்டு வெச்சுக்கங்க. வெளையாட்டுக்குச் சொல்லலீங்க.

அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்து மேசையிலதான் உக்காந்தோம். அவ கார்டப் புரட்டிப் புரட்டிப் பாத்தா, சின்னப் புள்ளையாட்ட. படத்துல வெரல வெச்சு, இது கம்புங்களா, கம்புல இப்படிக்கூடப் பண்ணுவாங்களா, மாங்காயெல்லாம் போட்டிருக்குதுன்னா. சரி, வாங்கிக்கன்னேன். அவ மூஞ்சி இருந்த இருப்ப நீங்க பாத்திருக்கோணும். எனக்கு ஒன்னும் புரியாம, சோறுன்னு எழுதியிருந்ததச் சொன்னேன். வந்துச்சு பாருங்க ஒரு கிண்ணம், கொரியாக்காரன் சோறாமா. செக்கச்செவேல்னு சோறு, மேல அரைவேக்காட்டு முட்டை, பக்கத்துல ஊசிப்போன முட்டைக்கோசு. ஊசிப்போனதில்ல சார், அது அப்படித்தான்னு சொன்னாங்க. கேட்டாலே கொமட்டுது. ஒரு வாய் வெச்சதும் காரம் மண்டைக்கு ஏறிருச்சு. இதை மனுசன் திம்பானான்னு கத்திட்டேன். பக்கத்து மேசைக்காரங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவளுக்குத்தான் கூச்சம் தாங்காதே. சும்மா இருங்க, நான் சாப்பிட்டுக்கறேன், நீங்க இதை எடுத்துக்கங்கன்னு பலகைய என்ற பக்கம் தள்ளிட்டா. கிண்ணத்தத் தன்ற பக்கம் இழுத்துக்கிட்டா. அவ கொணமே அதுதானுங்க. எதுவும் வீணாகப்படாது.

இதுதான் சாமி எவ்வளவோ தேவலைன்னு நான் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் எனக்கு நாக்குல நிக்குது, அதனாலதான் வாயில போட்டதும் கண்டுபுடிச்சேன். மாங்காப் புளிப்பு, உள்ள காளான் மெத்துன்னு, மடிச்ச எடத்துல கம்பு பொரிஞ்சு, கடிச்சா...

இருங்க, முழுங்கிக்கறேன்.

கடிச்சா நொறுங்கும். மூணையும் நான்தான்...

ஏனுங்க. மூணையும் நான்தான் சாப்பிட்டேன்.

ஆமாங்க. அவ கிண்ணத்துலதான் சாப்பிட்டா. டாக்டரு காரம் கூடாதுன்னு எழுதிக் குடுத்த சீட்டு அவ பையில இருக்குது, அவ அந்தச் செக்கச்செவேல்னு சோத்த ஒரு பருக்கை விடாம வழிச்சுத் தின்னா. கண்ணுல தண்ணி ஊத்துச்சு. காரமான்னு கேட்டேன். இல்லீங்க, நல்லாருக்குதுன்னா. நான் நம்பிட்டேன். ஒரு துண்டு பிட்டு, இந்தா, நீயும் பாருன்னு நான் குடுத்தேனுங்களா? குடுத்திருப்பேன். குடுக்காம இருந்திருப்பேனா. இல்லீங்க, குடுக்கல. சத்தி வண்டி எத்தன மணிக்குன்னு ஞாபகம் இருக்கறவனுக்கு இது ஞாபகம் இருக்காதுங்களா? குடுக்கல.

எந்திரிக்கறப்ப சொன்னா. இன்னொரு தடவ ஸ்கேனுக்கு வந்தா இங்க வரலாங்களா, நான் அதைத் தின்னு பாக்கறேன்னா. இந்தக் கண்றாவிக்கு இன்னொரு தடவையான்னு சொன்னேன். நடந்துட்டே சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. ரெண்டு அஞ்சு வண்டி கெடச்சுது.

புடிச்சுது இல்லீங்க இது. ஆசைப்பட்டது. தின்னே பாக்காதது. அதுக்குத்தான் அவ ஒரு வருசமா வெறுந்தட்ட வெச்சுக்கிட்டு என்ற எதுக்கால உக்காந்திருக்கறா. கண்டுபுடிச்சுட்டேன் பாருங்க. உங்ககிட்டப் பேசப் பேசத்தான் வந்துச்சு, நீங்க நல்லா இருக்கோணும். பரவால்ல, இப்பவாச்சும் தெரிஞ்சுதே. நாளைக்கு இலை நடுவால இதுதான். வேற ஒன்னும் வெக்கப் போறதில்ல, கச்சாயமும் வேண்டாம், பருப்பும் வேண்டாம். நீ தின்னு சம்பூரணம்னு கும்புட்டுக் கேட்டுக்குவேன். எனக்கு நெஞ்சுல இருந்து கல்ல எறக்கி வெச்சாப்பல இருக்குதுங்க.

வா அம்மிணி, டப்பா கொண்டாந்துட்டியா? இதேதான் அம்மிணி, சந்தேகமே இல்ல. கட்டிக் குடு. ரெண்டையும் ஒடையாம வெய்யி.

என்ன அம்மிணி, அப்படியே நிக்கற?

எதைக் கட்டறதுங்கறயா?

இங்கதான... ரெண்டு இருந்துச்சே அம்மிணி. நான் ஒன்னுதான எடுத்தேன். ஒன்னு பாக்கறதுக்கு எடுத்தேன். அப்பறம் சட்னிக்கு ஒரு துண்டு. அப்பறம்...

இன்னொரு பிளேட்டு போட்டுத்தர முடியாதா? எத்தன நேரம் வேணும்னாலும் நிக்கறேன். தீந்துருச்சா. ஆமா, நீ மொதல்லயே சொன்ன. அடுத்த ஞாயித்துக்கிழமையா. வேண்டாம் அம்மிணி. டப்பாவ எடுத்துக்க. போ, உன்ற வேலையப் பாரு.

ஏனுங்க, நீங்க எதுக்கால உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க. அது ஆருக்குன்னு சொல்லித்தான உக்காந்தேன். நான் பேச்சு மும்முரத்துல கைய வெக்கறப்ப, ஐயா, அது அவங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அவதான் சொல்ல மாட்டா. நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க.